பரங்கிப்பேட்டையைச் சுட்டும் விரல்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளமானது. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

ஒரு சின்னப் படத்தைப் பற்றி எழுதப் போகிறேன். 1782-ஆம் ஆண்டு இலண்டனில் வெளியான இந்திய வரைபடம் ஒன்றில், தலைப்போடு சேர்த்து அச்சிடப்பட்ட அலங்காரப் படம் அது. அதில் ஒரு சிப்பாய் கையை நீட்டி, தன் தோழனுக்கு இரண்டு ஊர்ப் பெயர்களைக் காட்டுகிறான். ஒன்று நம் பரங்கிப்பேட்டை. இன்னொன்று சோளிங்கர்.

இலண்டனில் அச்சான வரைபடத்தில் நம்மூர்ப் பெயர்கள் இருப்பதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அவை வரைபடத்தில் ஊர்களாக மட்டும் இல்லை. ஒரு தேவதை சாய்ந்து நிற்கும் பீடத்தில் வெற்றிச் சின்னங்களாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. கீழ் வகுப்புகளில் "படம் பார்த்துக் கதை சொல்" என்று ஒரு பயிற்சி உண்டு, நினைவிருக்கிறதா? அதைத்தான் இப்போது செய்யப் போகிறோம். படம் என்ன சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வரைபடத்தை உருவாக்கியவர் ஜேம்ஸ் ரென்னல். 1742-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே கடற்படையில் சேர்ந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் வேலைக்கு வந்தார். 1767-இல் வங்காளத்தின் தலைமை நில அளவையாளர் ஆனார். பத்தாண்டுகள் ஆறு, குளம், காடு என்று அலைந்து அளந்துவிட்டு 1777-இல் ஊர் திரும்பினார். 1782-இல் இந்தியா முழுவதற்குமான வரைபடத்தை வெளியிட்டார். 1783-இல் அதற்கு ஒரு விளக்க நூலும் எழுதினார். தலைப்புப் படத்தில் யார் யார் இருக்கிறார்கள், என்ன பொருள் என்பதையும் அந்த நூலில் அவரே எழுதி வைத்துவிட்டார். அதனால் நாம் ஊகிக்க வேண்டிய வேலை குறைவு.

அவர் தரும் விளக்கத்தின் சாரம் இது. நடுவில் நிற்கும் பெண் பிரிட்டானியா. பண்டிதர்கள் தங்கள் சாத்திர நூல்களை அவளிடம் கொடுக்கிறார்கள். அவள் அவற்றைத் தன் பாதுகாப்பில் ஏற்றுக்கொள்கிறாள். 1781-இல் வங்காள மக்களுக்காக ஆங்கில நாடாளுமன்றம் செய்த கருணைச் செயலை இது குறிக்கிறதாம். அவளைத் தாங்கும் பீடத்தில், ஆங்கிலேயர் இந்தியாவில் செல்வாக்குப் பெறவும் அதைக் காப்பாற்றிக்கொள்ளவும் உதவிய வெற்றிகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஜெனரல் அயர் கூட் அண்மையில் பெற்ற பரங்கிப்பேட்டை, சோளிங்கர் வெற்றிகளைத்தான் சிப்பாய் தோழனுக்குச் சுட்டிக்காட்டுகிறான்.

இப்படிப்பட்ட படத்துக்கு உருவகப் படம் என்று பெயர். நாடு, நீதி, வெற்றி, செல்வம் போன்ற கண்ணுக்குத் தெரியாத பொருள்களுக்கு மனித வடிவம் கொடுத்து ஒரு காட்சியாக நிறுத்துவது. கண்ணைக் கட்டிக்கொண்டு தராசு பிடித்து நிற்கும் நீதி தேவதையை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஐரோப்பாவில் இந்த வகைப் படங்கள் மிகவும் செழித்தது பதினேழாம் நூற்றாண்டில். அந்தக் காலக் கலைப் பாணியைப் பரோக் என்பார்கள். எல்லாமே மிகுதி. திரைச்சீலை புரளும், மேகம் பிளக்கும், தேவதைகள் இறங்கி வருவார்கள், அரசர் நடுவில் ஒளிவீசிக்கொண்டிருப்பார். பார்ப்பவன் வாய் பிளந்து நிற்க வேண்டும். மாளிகையின் கூரையில் வரைந்தால் மாளிகைக்குள் போகிறவன்தான் பார்ப்பான். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தால் ஊரெல்லாம் பார்க்கும். அதனால்தான் அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு அச்சுச் சித்திரத்தின் மேல் அத்தனை பிரியம்.

அது எப்படிச் செய்யப்படும் என்றும் சொல்லிவிடுகிறேன். வழவழப்பாகத் தேய்த்த செப்புத் தகட்டில் கூர்மையான சிற்றுளியால் கோடு கோடாகக் கீறுவார்கள். இருட்டு வேண்டுமானால் நெருக்கமான கோடுகள், வெளிச்சம் வேண்டுமானால் இடைவெளி. தகடு முழுக்க மை பூசி, மேற்பரப்பைத் துடைத்துவிடுவார்கள். மை கீறல்களுக்குள் மட்டும் தங்கும். ஈரத் தாளை மேலே வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் படம் தாளில் ஏறிவிடும். இடம் வலம் மாறி அச்சாகும் என்பதால், செதுக்குபவர் எல்லாவற்றையும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிச் செதுக்க வேண்டும். எழுத்துகளையும் அப்படியே.

ஓவியர்களுக்கு அகராதி போன்ற ஒரு நூலும் இருந்தது. இத்தாலியைச் சேர்ந்த சேசரே ரிப்பா 1593-இல் வெளியிட்டது. 1603-இல் படங்களோடு மறுபதிப்பு வந்தது. கருணையை எப்படி வரைவது, பொறாமையை எப்படி வரைவது என்று அதில் வரிசையாக இருக்கும். கண்டங்களுக்கும் வடிவம் உண்டு. ஐரோப்பா முடி சூடிய பெண், கையில் கோயில், சுற்றிலும் ஆயுதங்களும் கலைக் கருவிகளும். ஆசியா பூமாலை அணிந்த பெண், கையில் நறுமணக் கொத்தும் புகையும் தூபக்கலமும், பக்கத்தில் ஒட்டகம். அமெரிக்காவுக்கு ஆடையே கிடையாது. ஒருத்தி ஆள்வதற்குரிய பொருள்களை வைத்திருக்கிறாள். இன்னொருத்தி விற்பதற்குரிய பொருள்களை வைத்திருக்கிறாள். யார் ஆள வேண்டும் என்பதைக் கப்பல் புறப்படும் முன்பே படம் தீர்மானித்துவிட்டது.

இதற்கும் முன்பே, 1570-இல் ஆர்ட்டீலியஸ் வெளியிட்ட புகழ்பெற்ற உலக வரைபடத் தொகுப்பின் முகப்பில் ஐரோப்பா உச்சியில் அரியணையில் அமர்ந்திருக்கிறாள். ஆசியாவும் ஆப்பிரிக்காவும் இரு பக்கமும் நிற்கிறார்கள். அமெரிக்கா தரையில் கிடக்கிறாள். அட்டையைத் திறக்கும்போதே பாடம் தொடங்கிவிடுகிறது.

நமக்குப் பக்கத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு: மலபார் செடிகொடிகளைப் பற்றி டச்சுக்காரர்கள் வெளியிட்ட 'ஹோர்டஸ் மலபாரிகஸ்'. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வந்தது. கொச்சியில் டச்சு அதிகாரியாக இருந்த வான் ரீடு செய்த முயற்சி. அதன் முகப்புப் படத்தில் ஒரு பெண் தோட்டத்தில் அமர்ந்திருக்கிறாள். மற்றவர்கள் மண்டியிட்டுச் செடித் தொட்டிகளை அவளிடம் நீட்டுகிறார்கள். ஆனால் அந்த நூலின் அறிவுக்கு மூலமாக இருந்தவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். அவரோடு ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணி அறிஞர்கள். இவர்களின் சான்றுரைகள் நூலுக்குள்ளேயே இருக்கின்றன. உள்ளே பெயரும் கையெழுத்துமாக இருக்கும் அறிஞர்கள், முகப்புக்கு வரும்போது பெயரில்லாமல் மண்டியிட்டவர்களாக மாறிவிடுகிறார்கள்.

ரென்னல் வாழ்ந்த காலத்தில் பரோக் பாணி பழையதாகிவிட்டது. புரளும் திரையும் மேகக் கூட்டமும் குறைந்து படங்கள் அடக்கமாகிவிட்டன. ஆனால் இலக்கணம் அதேதான். நடுவில் ஒரு பெண், அவளை நோக்கி நீளும் கைகள், பீடம், வெற்றிகள்.

இதை ஐரோப்பியர் மட்டும் செய்தார்கள் என்று நினைக்க வேண்டாம். நம் சோழர் செப்பேடுகளின் முத்திரையைப் பாருங்கள். வெண்கொற்றக் குடையின் கீழ் புலி அமர்ந்திருக்கும். பக்கத்தில் இரண்டு மீன்கள், கூடவே வில். புலி சோழன், மீன் பாண்டியன், வில் சேரன். மூன்று அரசுகளின் உறவையும் ஒரு வட்டத்துக்குள் சொல்லிவிட்டார்கள். இராசராசனின் மெய்க்கீர்த்தி, திருமகளைப் போலவே நிலமகளும் அவனுக்கு உரியவள் ஆனாள் என்ற கருத்தோடுதான் தொடங்கும். போரில் வென்ற நிலம், தானே விரும்பி வந்த மணமகளாகிவிடுகிறது. அதன் பிறகுதான் வென்ற நாடுகளின் பட்டியல். நம் ஊர்ப் பெயரான பிரம்மதேசமே அரசர்கள் அளித்த நிலக்கொடையை நினைவூட்டும் பெயர். கல்லிலும் செம்பிலும் அதிகாரத்தை எழுதும் பழக்கம் நமக்குப் புதிதில்லை. பிரிட்டானியாவின் பீடம் அவர்களுடைய மெய்க்கீர்த்தி. அதனால் இந்தப் படத்தைப் படிக்க நமக்குத் தகுதி நிறையவே உண்டு.

பிரிட்டானியாவைப் பற்றியும் ஒரு வேடிக்கை உண்டு. அவளை உருவாக்கியவர்கள் ஆங்கிலேயர் அல்லர். பிரிட்டன் ரோமானியர்களுக்கு அடிமைப்பட்டிருந்தபோது, பேரரசர் ஹாட்ரியன் காலத்து நாணயங்களில் அந்த மாகாணத்தைக் குறிக்கும் பெண்ணாக அவள் தோன்றினாள். அடங்கிய நாட்டின் அடையாளம்! பல நூற்றாண்டுகள் கழித்து, 1672-இல் இரண்டாம் சார்லஸ் மன்னர் அவளைத் தன் செப்புக் காசுகளில் அச்சிட்டார். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அவளே மற்றவர்களின் காணிக்கையை வாங்கும் இடத்தில் நிற்கிறாள். ஒரு காலத்தில் ஆளப்பட்டவர்கள் அதே படத்தை வைத்து ஆளவும் செய்யலாம் என்பதற்கு இது ஒரு சான்று.

இப்போது படத்தை ஒவ்வொரு பகுதியாகப் படிப்போம்.

முதலில், பண்டிதர்கள் கொடுக்கும் நூல். 1781-இல் நடந்தது என்ன? 1773-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கல்கத்தாவில் உச்ச நீதிமன்றம் அமைந்தது. ஆங்கிலச் சட்டத்தை அது யார் மீதெல்லாம் செலுத்தலாம் என்பதில் நீதிமன்றத்துக்கும் கம்பெனி ஆட்சிக்கும் பெரிய சண்டை மூண்டது. நந்தகுமாரை 1775-இல் தூக்கிலிட்ட நீதிமன்றம் இதுதான். 1781-இல் வந்த சட்டம் அதன் அதிகார எல்லையைக் குறைத்தது. சொத்துரிமை, வாரிசுரிமை, ஒப்பந்தம் போன்றவற்றில் இந்துக்களுக்கு இந்து முறை, முஸ்லிம்களுக்கு முஸ்லிம் முறை என்றது. இதனால் மக்களுக்குக் கொஞ்சம் நிம்மதி கிடைத்தது உண்மை. கம்பெனியின் கைகளுக்கும் கட்டுக் குறைந்தது. படத்தில் முதல் பாதி மட்டும் இருக்கிறது.

சரி, சாத்திர நூல்களைப் பண்டிதர்கள் தாங்களாகக் கொண்டுவந்து கொடுத்தார்களா? வாரன் ஹேஸ்டிங்ஸ் பதினொரு பண்டிதர்களைக் கல்கத்தாவுக்கு வரவழைத்துச் சட்டங்களைத் தொகுக்கச் செய்தார். அவர்கள் சமஸ்கிருதத்தில் தொகுத்தது பாரசீகத்துக்குப் போய், அங்கிருந்து ஹால்ஹெட் என்ற இளைஞரின் கையால் ஆங்கிலமாகி 1776-இல் அச்சானது. வரி வசூலிக்கவும் வழக்குத் தீர்க்கவும் ஆட்சியாளருக்கு அந்த நூல் தேவைப்பட்டது. அதற்காக அவர் ஆள் அனுப்பினார். படத்தில் அது தலைகீழாகி, பண்டிதர்கள் தேடி வந்து ஒப்படைப்பதாகவும் அவள் பெருந்தன்மையோடு ஏற்பதாகவும் இருக்கிறது.

நான் சொல்ல வந்த முக்கியமான செய்தி இதுதான். உருவகப் படம் பெரும்பாலும் பச்சைப் பொய் சொல்வதில்லை. பண்டிதர்கள் இருந்தார்கள், நூல் இருந்தது, சட்டம் வந்தது. அது வினைச்சொல்லை மட்டும் மாற்றிவிடுகிறது. எடுத்தார்கள் என்பது கொடுத்தார்கள் என்றாகிவிடும். கேட்டு வாங்கியது காணிக்கையாகிவிடும். எழுவாயையும் பயனிலையையும் பிரித்துப் பார்க்கச் சொல்லி இலக்கண வகுப்பில் உங்களை வாட்டியது இதற்கும் உதவும்!

இரண்டாவது, பீடம். பரங்கிப்பேட்டைப் போர் 1781 ஜூலை 1-ஆம் தேதி நடந்தது. சோளிங்கர்ப் போர் செப்டம்பர் 27. இரண்டிலும் எதிரே நின்றவர் மைசூரின் ஹைதர் அலி. பரங்கிப்பேட்டையில் கூட்டின் படை சுமார் 8,000 பேர். ஹைதரின் படை அதைப் போலப் பல மடங்கு. அங்கே கூட் வென்றதும் உண்மை, அந்த வெற்றி சென்னையைக் காப்பாற்றியதும் உண்மை.

இந்தப் போர் நம் வாசல் வழியாகத்தான் போனது. 1780 ஜூலையில் ஹைதர் அலி ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கினார். 1781 ஜனவரியில் கூட் சென்னையிலிருந்து புறப்பட்டு, கருங்குழியைப் பிடித்து, முற்றுகையில் இருந்த வந்தவாசிக் கோட்டையை விடுவித்து, பெருமுக்கல் வழியாகப் புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் போனார். வந்தவாசிக் கோட்டையை அதுவரை ஃப்ளின்ட் என்ற இளம் அதிகாரி சிப்பாய்களை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்தார். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும்போது நீங்கள் பார்க்கும் அதே பெருமுக்கல் மலைதான். மலைமேல் கோயிலும் கோட்டையின் மிச்சமும் இருக்கின்றன. இந்த வட்டாரத்தில் கூட்டுக்கு முன்பழக்கமும் உண்டு. 1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் பிரெஞ்சுத் தளபதி லாலியை வென்றவர் அவர்தான். நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வரும் போர் அது.

பீடத்தில் வெற்றிகளுக்குத்தான் இடம். தோல்விகளுக்கு இல்லை. 1780 செப்டம்பர் 10-இல் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் சேர்ந்து நொறுக்கினார்கள். அதுவரை இந்தியாவில் ஆங்கிலேயர் கண்ட தோல்விகளில் மிக மோசமானது அது. பெய்லி கைதியாகி, ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அடைபட்டு, 1782-இல் அங்கேயே இறந்தார். பரங்கிப்பேட்டை வெற்றிக்கு இரண்டு வாரம் முன்பு கூட் இன்னொரு இடத்தைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். அது எந்த இடம் தெரியுமா? சிதம்பரம் கோயில். ஹைதரின் ஆட்கள் அதைக் கோட்டையாக்கி உள்ளே இருந்தார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் கூட் பரங்கிப்பேட்டைக் கடற்கரைக்கு நகர்ந்தார்.

இன்னொன்றும் உண்டு. வரைபடம் வெளியான 1782-இல் போர் முடியவே இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் ஹைதர் இறந்தார். திப்பு தொடர்ந்து போரிட்டார். 1784 மார்ச்சில் மங்களூரில் உடன்படிக்கை ஆனபோது, பிடித்த இடங்களை இருதரப்பும் திருப்பிக் கொடுத்தன. அதாவது, முடியாத போரில் முடிந்துவிட்ட வெற்றியைப் படம் செதுக்கி வைத்தது. இலண்டனுக்கு அப்போது அது தேவைப்பட்டது. 1781 அக்டோபரில் அமெரிக்காவில் யார்க்டவுன் நகரில் ஆங்கிலப் படை சரணடைந்திருந்தது. ஒரு கண்டம் கைநழுவிக்கொண்டிருந்த நேரத்தில், இன்னொரு பக்கம் எல்லாம் உறுதியாக இருக்கிறது என்று சொல்ல ஒரு பீடம் வேண்டும் அல்லவா?

மூன்றாவது, சுட்டும் விரல். எனக்கு இந்தப் படத்தில் மிகவும் யோசனை தந்தது இந்தச் சிப்பாய்தான். கம்பெனியின் சென்னைப் படையில் பெரும்பாலோர் நம் நாட்டுக்காரர்கள். தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள். பரங்கிப்பேட்டை மணலில் நின்றவர்களில் பெரும்பகுதி அவர்கள்தான். படத்தில் அவர்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது என்பதே பெரிய விஷயம். ஆனால் என்ன வேலை கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள். அவன் சண்டை போடவில்லை. பீடத்தில் இருக்கும் வெற்றியைத் தன் தோழனுக்குப் பெருமையோடு காட்டுகிறான். வென்றவனே தன் வெற்றியைச் சொன்னால் தற்பெருமை. ஆளப்படுபவனின் விரல் அதைச் சுட்டினால் சம்மதம். பண்டிதரின் கை நூலைக் கொடுக்கிறது, சிப்பாயின் கை வெற்றியைக் காட்டுகிறது. இரண்டும் நம் கைகள்.

உண்மையான சிப்பாய்களின் மனம் அப்படியே இருந்ததா? இதே போருக்காக 1780 அக்டோபரில் விசாகப்பட்டினத்துச் சிப்பாய்களைக் கப்பலில் ஏறச் சொன்னபோது அவர்கள் மறுத்துக் கலகம் செய்தார்கள். அதிகாரிகள் சிலர் கொல்லப்பட்டார்கள். 1806 ஜூலை 10-இல், சோளிங்கரிலிருந்து அதிகத் தொலைவில்லாத வேலூர்க் கோட்டையில், சென்னைப் படைச் சிப்பாய்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்தார்கள். சம்பளத்துக்காக விசுவாசமாக நின்றவர்களும் உண்டு, எதிர்த்தவர்களும் உண்டு. அவர்கள் மனிதர்கள். படத்தில் வருபவன் மட்டும்தான் என்றைக்கும் ஒரே பக்கம் விரல் நீட்டிக்கொண்டிருக்கிறான்.

இனி, படத்தில் இல்லாதவர்கள். ஆற்காட்டுச் சீமையின் குடியானவர்கள் இதில் இல்லை. ஹைதரின் படை ஆங்கிலேயருக்குத் தானியம் கிடைக்கக் கூடாது என்று ஊர்களைக் கொளுத்தியது, மாடுகளை ஓட்டிச் சென்றது. ஆற்காட்டு நவாப் முகமது அலி கடனில் மூழ்கியிருந்தார். 1781 டிசம்பரில் சீமையின் வருவாயைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். இரண்டு படைகளுக்கும் நடுவில் விளைச்சல் இல்லை, விதைநெல்லும் இல்லை. மக்கள் கூட்டம் கூட்டமாகச் சென்னையை நோக்கி நடந்தார்கள். அங்கே பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782-இல் தொடங்கிய இடம்தான் மணியக்காரர் சத்திரம். பின்னாளில் அது மருத்துவமனையாக வளர்ந்து ஸ்டான்லி மருத்துவமனை ஆனது. பழைய சென்னைவாசிகள் அதைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் சொல்வார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் சிலர் வைத்தியத்துக்குப் போய்வந்த இடமும் அதுதான்.

இலண்டனில் வரைபடம் அச்சான அதே 1782. ஒரு பக்கம் பிரிட்டானியா நூலை வாங்குகிறாள். இன்னொரு பக்கம் நம் முன்னோர் தட்டேந்திக் கஞ்சி வாங்குகிறார்கள். இரண்டுமே அந்த ஆண்டின் உண்மைதான். ஒன்று செப்பில் ஏறியது. மற்றது ஓர் ஆஸ்பத்திரியின் செல்லப் பெயரில் தங்கியிருக்கிறது.

தோற்ற பக்கத்துக்கும் படம் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு 1784-இல் கட்டிய தரியா தௌலத் மாளிகைச் சுவரில் புள்ளலூர்ப் போர் பெரிய ஓவியமாக இருக்கிறது. மங்கிப்போன அதைப் பிற்காலத்தில் டல்ஹௌசி ஆட்சியில் மறுபடி தீட்டினார்கள். பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலை வாயில் வைத்திருக்கிறார். ஹைதரும் திப்புவும் யானைமேல் பதற்றமே இல்லாமல் வருகிறார்கள். ஆங்கிலச் சிப்பாய்கள் அச்சில் வார்த்த பொம்மைகள் போல வரிசையாக ஒரே முகத்தோடு நிற்கிறார்கள். அதிகாரம் மாறினால் யாருக்கு முகம் உண்டு, யாருக்கு இல்லை என்பதும் மாறிவிடுகிறது. கொளுத்தப்பட்ட நம் கிராமங்கள் அந்தச் சுவரிலும் இல்லை. இதை நினைவில் வையுங்கள். ஒரு படத்துக்கு எதிர்ப்படம் கிடைத்துவிட்டால் முழு உண்மையும் கிடைத்துவிட்டதாகப் பொருள் இல்லை.

ஆங்கிலேயர் இதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். ரென்னலுக்கு முன்பே, 1778-இல் இலண்டனில் கம்பெனியின் தலைமை அலுவலகக் கூரைக்காக ஸ்பிரிடியோன் ரோமா என்ற ஓவியர் வரைந்த படத்தில் பிரிட்டானியா உயரத்தில் அமர்ந்திருக்கிறாள். இந்தியா முத்தும் மணியும் ஏந்தி வருகிறாள். சீனா பீங்கான் கொண்டுவருகிறாள். அதற்குத் தலைப்பே 'கீழ்த்திசை தன் செல்வங்களைப் பிரிட்டானியாவுக்கு அளிக்கிறது' என்பதுதான். அளிக்கிறது! 1783-இல் சென்னையில் இறந்த அயர் கூட்டுக்கு வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் கம்பெனி நினைவுச் சின்னம் வைத்தது. தாமஸ் பேங்க்ஸ் செதுக்கியது. வெற்றித் தேவதை ஒரு பக்கம். தலைகுனிந்து துயரத்தில் அமர்ந்திருக்கும் இந்தியக் கைதி மறுபக்கம். அங்கே மட்டும் கொடுத்தவனின் முகத்தில் சந்தோஷம் இல்லை. சிற்பிக்குத் தெரிந்தே நடந்ததோ என்னவோ, உண்மை கொஞ்சம் கசிந்துவிட்டது.

பிறகு நாமும் அந்தப் பெண்ணை நம் பக்கம் அழைத்துக்கொண்டோம். 1905-இல் அபனீந்திரநாத் தாகூர் பாரத மாதாவை வரைந்தார். பாரதியார் தம் 'இந்தியா' வார இதழில், முதலில் சென்னையிலும் 1908 முதல் புதுச்சேரியிலும், அரசியல் கேலிச் சித்திரங்களை வெளியிட்டார். உருவகம் என்ற ஆயுதத்தை அவர் ஆட்சியாளரை நோக்கித் திருப்பினார். காணிக்கை ஏந்திய கை கேள்வி கேட்கும் கையானது. ஆகவே உருவகப் படம் என்றாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. அது ஒரு மொழி. அந்த மொழியில் விடுதலையும் பேசலாம், அடிமைத்தனமும் பேசலாம்.

அந்த மொழி இன்றைக்கும் நம் தெருவில்தான் இருக்கிறது. திருவிழாவோ தேர்தலோ வந்தால் திண்டிவனம் பேருந்து நிலையத்தைச் சுற்றி எத்தனை பேனர்கள்! தலைவர் பெரிதாக, தொண்டர்கள் சிறிதாக, பின்னால் சூரியனோ சிங்கமோ மேகமோ. நலத்திட்டப் பொருளை நீட்டும் கை மேலே, வாங்கும் கை கீழே. நம் வரிப்பணத்தில் வாங்கிய பொருள் ஒருவருடைய கருணையாக அங்கே மாறிவிடுகிறது. எந்தக் கட்சியையும் மனத்தில் வைத்து இதைச் சொல்லவில்லை. எல்லோரும் ரிப்பாவின் மாணவர்கள்தான், அவர் பெயர் தெரியாவிட்டாலும்.

எனவே படம் பார்க்கும்போது நான்கு கேள்விகளைக் கேளுங்கள். யார் கொடுப்பதாகக் காட்டியிருக்கிறது, உண்மையில் யாருடைய பொருள் அது? யாருக்கு முகமும் பெயரும் இருக்கிறது, யாருக்கு இல்லை? பீடத்தில் எழுதாமல் விட்டது எது? இந்தப் படத்துக்குப் பணம் கொடுத்தவர் யார்? உங்களில் ஆசிரியர்களாக இருப்பவர்கள் பாடப்புத்தகத்தில் வரும் எந்தப் படத்தை வைத்தும் பிள்ளைகளிடம் இதைக் கேட்கலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடப் பதில் சொல்லும். "இவரு ஏன் சார் கீழ உக்காந்திருக்காரு?" என்று பெரியவர்களுக்குத் தோன்றாத கேள்வியை முதலில் கேட்பதே அவர்கள்தான்.

ரென்னலின் வரைபடத்தைப் பெரிய நூலகங்கள் இணையத்தில் வைத்திருக்கின்றன. கைப்பேசியிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். முதலில் தலைப்புப் படத்தைப் பாருங்கள். பிறகு வரைபடத்துக்குள் சென்னைக்குத் தெற்கே கடலோரமாக இறங்கி வந்து, நமக்குத் தெரிந்த ஊர்களை அவர் எப்படி எழுதியிருக்கிறார் என்று தேடுங்கள். எழுத்துக்கூட்டல் விநோதமாக இருக்கும், சிரிப்பு வரும். கண்டுபிடித்த ஊர்ப் பெயர்களைக் கீழே எழுதுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் யாராவது இலண்டன் போனால், கூட் நினைவுச் சின்னத்தின் அடியில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கைதியின் முன் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். அவனுக்கு அங்கே பெயர் கிடையாது.

எல்லோரும் நலமாக இருங்கள். மழைக்காலம், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
பிரம்மதேசம்.